இரண்டாம் நம்பர் எஞ்சினின் வலது பக்கம்

அந்தக் கீழ்ப் பல் செட் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்த அன்று மெழுகக்கா மத்தியானச் சாப்பாட்டைத் தொடக்கூட இல்லை.

பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால் இருக்கும் நீள அறையில்தான் அவளுக்கு வேலை. இருபத்திரண்டு வருடமாக அங்கே உட்கார்ந்து பல் கட்டுகிறாள். நக இடுக்கில் எப்போதும் இளஞ்சிவப்பு மெழுகு ஒட்டியிருக்கும். அதனால் டாக்டரில் தொடங்கி தரை கூட்டுகிறவர் வரை எல்லோருக்கும் அவள் மெழுகக்காதான். நோயாளிகளை அவள் பார்ப்பதில்லை. டாக்டர் வாயில் அச்செடுத்து அனுப்புவார். பிளாஸ்டரில் வார்த்த வாய்கள் அலமாரியில் வரிசையாகக் காத்திருக்கும். அவற்றுக்கு அவள் பல் வைப்பாள். திரும்பி வருவது வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ. ஒரே செட் மூன்று முறை வந்ததாகச் சரித்திரமே இல்லை.

"வீட்ல இருக்கும்போது நல்லா இருக்காம், மெழுகக்கா" என்றார் டாக்டர். "வேலைக்குப் போனாத்தான் ஆடுதாம்."

"வேலைக்குப் போனா பல்லு எதுக்கு டாக்டர் ஆடணும்?"

"ரயில் ஓட்டுறாராம். இதோ, நம்ம பின்னாடி போகுதே, குவாரி ரயில்."

மெழுகக்கா கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். பல வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக, ஒரு நோயாளியைப் பார்க்க முன்னறைக்குப் போனாள்.

குவாரி ரயில் என்பது பதினான்கு கிலோமீட்டர் தனியார் லைன். சுண்ணாம்புக்கல் குவாரியில் கிளம்பி, மெயின் லைன் ஜங்ஷனில் வேகன்களை விட்டுவிட்டுத் திரும்பும். இரண்டே இரண்டு டீசல் எஞ்சின்கள், ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர். ஒரு நாளைக்கு மூன்று நடை. மெழுகக்காவின் ஜன்னலுக்கு இருபதடி தள்ளி, மண்மேட்டின் மேல் அது போகும். கல் ஏற்றிக்கொண்டு போகும்போது மேசை அதிரும். மெழுகில் நட்ட பல் ஒரு நூலளவு சாயும். பத்து இருபதுக்கும், ஒன்றுக்கும், நாலு பத்துக்கும் அவள் வேலையிலிருந்து கையைத் தூக்கிக்கொண்டு சும்மா உட்கார வேண்டும். ஆரம்பத்தில் எரிச்சல் எரிச்சலாக வந்தது. எரிச்சலோடு வெளியே பார்த்தாள். பார்த்துப் பார்த்து வேகன்களை எண்ண ஆரம்பித்தாள். பிறகு எது எந்த எஞ்சின் என்று சத்தத்திலேயே சொல்ல வந்தது. பதினொரு வருடத்துக்கு முன் ஒரு நாள், மிஞ்சிய அக்ரிலிக்கில் விரல் நீளத்துக்கு ஒரு வேகன் செய்து ஜன்னல் விளிம்பில் வைத்தாள். அதோடு சிக்கிக்கொண்டாள்.

இப்போது வீட்டு முன்னறையில், இரண்டு சுவர்களை ஒட்டி எட்டு மீட்டர் நீளத்துக்குப் பலகை அடித்து, அந்த லைன் முழுதும் இருக்கிறது. குவாரியின் கொட்டும் தொட்டி, அடிப்பாலங்கள், எஞ்சின் ஷெட், ஜங்ஷன். எல்லாம் நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு. தூரத்தை மட்டும் சுருக்கித்தான் ஆக வேண்டியிருந்தது. மோட்டாரும் சக்கரமும் தபாலில் வந்தவை, மற்றதெல்லாம் அவள் கை. பதினாறு சென்டிமீட்டர் எஞ்சின் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வருடம் பிடித்தது. கதவுக் கீல்களைப் பல் குடையும் ஊசியால் செதுக்கியிருந்தாள். ஒரு முறை நாத்தனார் வந்திருந்தபோது ஜங்ஷன் பிளாட்பாரத்தில் தைல பாட்டிலை வைத்துவிட்டார். அன்றைக்கு வீட்டில் கிளம்பிய பேச்சு அடங்க ஒரு வாரம் ஆயிற்று.

முன்னறையில் உட்கார்ந்திருந்த டிரைவருக்கு ஐம்பத்தெட்டு வயது இருக்கும். தாடையைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஏழாவது கிலோமீட்டர்ல பல்லு கிளம்பி நாக்கு மேல உக்காந்துக்குதும்மா" என்றார். "ஹாரன் அடிக்கணும், பிரேக்கப் பாக்கணும், பல்லையும் பிடிக்கணும். எனக்கு எத்தன கை இருக்கு?"

"ஒண்ணாம் நம்பர்லயா, ரெண்டாம் நம்பர்லயா?"

டிரைவர் டாக்டரைப் பார்த்தார். "பல்லுக்கும் நம்பருக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"ரெண்டாம் நம்பர் முன்சக்கரத்துல ஸ்பிரிங் மாத்துனதுல இருந்து அதிர்றது ஜாஸ்தியாச்சே, அதான் கேட்டேன்."

"அத எங்க மெக்கானிக்கே இன்னும் ஒத்துக்கல. உனக்கு யாரு சொன்னா?"

"என் மேசை சொல்லுச்சு" என்றாள் மெழுகக்கா.

வாயை உட்கார்ந்த இடத்தில் பார்த்துப் பயனில்லை, வேலை செய்யும்போது பார்க்க வேண்டும் என்று டாக்டரிடம் சொன்னாள். சொன்னதில் பாதிதான் பல்லுக்காக. மீதிப் பாதி எதற்காக என்று டாக்டருக்கும் தெரியும். சிரித்துக்கொண்டே லெட்டர்பேடில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். 'நோயாளியின் தாடை அசைவைப் பணியிடத்தில் கவனிப்பது சிகிச்சைக்கு அவசியம்.'

குவாரி லைனுக்கு ஒரே ஒரு மேனேஜர். அவரே ஸ்டோர், அவரே டைம்கீப்பர். கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"ஒரு நடை போகலாம். ஆனா போன் இங்க டிராயர்ல இருக்கணும். எஞ்சின்ல யாரும் போட்டோ எடுக்கக் கூடாது, அது கம்பெனி ரூல்."

"ஒரே ஒரு போட்டோ சார்."

"ஒண்ணு எடுத்தாலும் ரூல ஒடைச்சதுதாம்மா."

போனைக் கொடுத்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. பதினொரு வருடமாகச் செய்த ஒரு பொருளுக்குள் முதல் தடவையாக ஏறப் போகிறாள். கையில் ஒரு பழைய நோட்டும் பேனாவும் பல் இடுக்கு நூலும்தான்.

ஒன்றாம் நம்பர் கிளம்பியது. உதவியாளர் இருக்கையில் உட்கார்ந்து டிரைவரின் தாடையையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான்காவது கிலோமீட்டரில் அவர் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து இடது கடைவாயில் போட்டுக் கடித்தார்.

"என்னண்ணே அது வாயில?"

"பேனா மூடி."

"எதுக்கு?"

"சிகரெட்ட விட்டதுல இருந்து இதான். ஒம்பது வருஷமாச்சு."

"வீட்ல கடிப்பீங்களா?"

"வீட்ல எதுக்கு? அங்க எஞ்சினா ஓட்டுறேன்?"

"இத டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"அவரு கேக்கலியே."

மெழுகக்கா கண்ணை மூடிக்கொண்டாள். ஒரே செட். மெழுகில் அடுக்கி, வேகவைத்து, தேய்த்து, மெருகேற்றி மூன்று முறை. ஒரு பக்கமாக மூடியைக் கடித்தால் எந்தக் கீழ்ப் பல் செட்டும் மறுபக்கம் கிளம்பத்தான் செய்யும். அதைக் கண்டுபிடிக்க எஞ்சின் ஏற வேண்டியிருந்தது. திட்டவும் முடியவில்லை. வந்தது அவள் இஷ்டம்.

குவாரித் தொட்டியில் வேகன்களைக் கழற்றி மாட்டக் கால் மணி நேரம் ஆகும் என்றார் டிரைவர். "இறங்கிச் சுத்திப் பாக்கலாமா?" என்று கேட்டாள். பாக்கலாம் என்று தலையாட்டினார்.

இறங்கினது வலது பக்கம்.

எஞ்சினின் வலது பக்கத்தை அவள் அதுவரை கண்ணால் கண்டதில்லை. எஞ்சின்களைத் திருப்ப அந்த லைனில் வழியே கிடையாது. ஒரே முகமாகத்தான் போகும், பின்னோக்கியே திரும்பும். கிளினிக் ஜன்னலுக்கும் ஊர்ச் சாலைக்கும் தெரிவது இடது பக்கம். லைனுக்கு அந்தப் புறம் கால்வாய், கால்வாயை ஒட்டிக் கம்பெனியின் நெடிய மதில். அவள் எடுத்த நானூற்றுச் சொச்சம் போட்டோவும் இடது பக்கம்தான். வலது பக்கம் இதைப் போலத்தானே இருக்கும் என்று இடதைப் பார்த்து அப்படியே மாற்றிப் போட்டுச் செய்திருந்தாள்.

அப்படி இல்லை. இடது பக்கம் எட்டுக் கதவு, இந்தப் பக்கம் ஐந்தே ஐந்து. ரேடியேட்டர் பலகைகள் இருக்க வேண்டிய இடத்தில் அகலமான கம்பி வலை. அடியில் டீசல் டேங்குக்குப் பதில், ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்திருக்கும் இரண்டு காற்று உருளைகள். உடம்பின் நீளத்துக்கும் ஒரு குழாய் ஓடியது. கைப்பிடிக் கம்பி ஒரு இடத்தில் உள்வாங்கி வளைந்திருந்தது.

அவளுக்கு அவமானமாக இருந்தது. இருபத்திரண்டு வருடமாக வாய்களைப் பார்க்கிறவள். எந்த வாயிலும் இடதும் வலதும் ஒன்றாக இருந்ததில்லை என்று புதிதாகச் சேரும் டாக்டர்களுக்கெல்லாம் சொன்னவள்.

பல் இடுக்கு நூலை எடுத்து, கதவுக்குக் கதவு அளந்து முடிச்சுப் போட்டாள். நோட்டில் அவசர அவசரமாக வரைந்தாள். டிரைவர் மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா அளக்குற? இதுக்கும் பல்லு கட்டப் போறியா?"

"இது பல்ல நான் தப்பாக் கட்டி வச்சிருக்கேண்ணே."

திரும்பி வந்ததும் மேனேஜரைப் பிடித்தாள். இரண்டாம் நம்பர் ஷெட்டில் பூட்டியிருந்தது. அதன் வலது பக்கம் இதைப் போலவே இருக்குமா என்று கேட்டாள். அது வேறு வருடம், வேறு பட்டறை, ஒன்று போல இருக்காது என்றார். "அடுத்த ஞாயித்துக்கிழமை வாங்க, லீவு நாள், ஷெட்டுல நிக்கிறதப் போட்டோ எடுக்கலாம், நானே கூட வர்றேன்."

வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். அவள் கணவருக்கு ஜெராக்ஸ் கடை. எதையும் நிதானமாகக் கேட்கிற மனிதர். முழுதும் கேட்டுவிட்டுப் பலகையருகே போய்க் குனிந்து பார்த்தார்.

"ஏம்மா, வலது பக்கம் சுவத்தப் பாத்துதானே நிக்குது? யாரு பாக்கப் போறா?"

"நான் கட்டுற பல்லுல நாக்குப் பக்கத்த யாரும் பாக்குறதில்ல. அதத் தேய்க்காம குடுத்தா ஒரு நாள் தாங்குமா?"

"அது வாய்ல நாக்கு இருக்கு. சுவத்துக்கு என்ன இருக்கு?"

அது அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. "உங்க கடையில ஜெராக்ஸ் எடுக்கும்போது பின்பக்கத்த விட்டுட்டு எடுத்துக் குடுங்களேன், பாப்போம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். பின்பக்கத்தை விட்டுவிட்டு எடுத்துக் கொடுத்து ஒரு வாடிக்கையாளரிடம் வாங்கிய வசவு கணவருக்கு நினைவிருந்தது.

மறுநாளே ஒன்றாம் நம்பரைப் பிரித்தாள். வலது பக்கத்தைப் பெயர்த்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான் என்று நினைத்தாள். ஆனால் அந்தப் பசை பிளாஸ்டிக்கை உருக்கி ஒன்றாக்கிவிடும் ஜாதி. கத்தியை விட்டு நெம்பியதில் கூரை விரிந்தது. கூரையை ஒட்டப் போனதில் இடது பக்கத்தில் இரண்டு கதவு பெயர்ந்து வந்தது. சரியாக இருந்த பக்கமும் கெட்டது. புதுப் பலகை அறுத்தாள், ஐந்து கதவு வைத்தாள், நூல் முடிச்சுக் கணக்குப்படி வைத்ததில் கடைசிக் கதவுக்கு இடம் போதவில்லை. அவசரத்தில் எங்கோ ஒரு முடிச்சைப் போடாமல் விட்டிருந்தாள். மறுபடியும் அறுத்தாள். கம்பி வலைக்கு, பல் செட்டுக்குள் வைக்கும் மெல்லிய வலையை வெட்டிப் பொருத்தினாள். அது ஒன்றுதான் முதல் தடவையிலேயே உட்கார்ந்தது.

இதற்கு நடுவில் டிரைவரின் பல் செட்டைச் சரி பண்ணினாள். இடது கடைவாய்ப் பற்களின் மேட்டை மழித்துத் தட்டையாக்கினாள். மூடியைக் கடித்தாலும் செட் கிளம்பாது. இரண்டு நாள் கழித்து டாக்டர் வந்து சொன்னார், "பல்லு அசையலியாம். ஆனா இப்ப மூடி வழுக்குதாம்."

மெழுகக்கா அலமாரியிலிருந்து அடுத்த வாயை எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தாள். நல்ல கேமரா ஒன்றைக் கணவர் நண்பரிடம் கேட்டு வாங்கி வைத்திருந்தார். வியாழக்கிழமை பத்து இருபதுக்கு மேசை அதிர்ந்தது. வழக்கமான அதிர்வு இல்லை, கனமாக, மெதுவாக வந்தது. மெழுகுக் கரண்டியோடு நிமிர்ந்தாள். ஒன்றாம் நம்பர் முன்னால் இழுத்துக்கொண்டு போக, பின்னால் இரண்டாம் நம்பர் உயிரில்லாமல் உருண்டு போனது. புகைப்போக்கியைத் தார்ப்பாயால் மூடிக் கட்டியிருந்தார்கள். ஜங்ஷன் பக்கமாகப் போனது. எட்டுக் கதவும் ஒவ்வொன்றாக அவள் ஜன்னலைக் கடந்தன. இடது பக்கம்.

கரண்டியைப் போட்டுவிட்டு வெளியே ஓடினாள். ஓடி எங்கே போவது? மண்மேட்டைத் தாண்டினால் கால்வாய். அடிப்பாலம் அரை கிலோமீட்டர் தள்ளி. வண்டி நிறுத்துமிடத்தின் நடுவில் நின்று, அது வளைவில் மறைவதைப் பார்த்தாள். தரை கூட்டுகிறவர் வந்து, "என்னக்கா, கை சுட்டுக்கிச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றாள்.

மேனேஜர் போனில் நிஜமாகவே வருத்தப்பட்டார். இரண்டாம் நம்பரை விற்றாயிற்றாம், வாங்கியவர்கள் அவசரப்படுத்தினார்களாம், எங்கோ தூரத்துச் சர்க்கரை ஆலையாம். "உங்க ஞாபகம் எனக்கு வந்துச்சும்மா. ஆனா வண்டி கிளம்பினப்புறம்தான் வந்துச்சு."

அதன் பிறகு அவள் மனிதர்களை நம்பிப் பார்த்தாள். இரண்டாம் நம்பரைப் பத்தொன்பது வருடம் ஓட்டியவர் டிரைவர். வீட்டுக்கு வரச் சொல்லி, வெள்ளைத் தாளையும் பென்சிலையும் முன்னால் வைத்தாள். அவர் முதலில் லைனைப் பார்த்தார். எட்டு மீட்டரும் குனிந்தபடியே நடந்தார். ஏழாவது கிலோமீட்டரில் நின்று, "இங்கதான் பல்லு கிளம்பும்" என்றார். பிறகு உட்கார்ந்து வரைந்தார். எஞ்சின் உள்ளறையின் ஒவ்வொரு பிடியும் துல்லியம். வெளிப்பக்கம் வந்ததும் பென்சில் நின்றுவிட்டது.

"ஆறு கதவுன்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறீங்களா?"

"பத்தொம்போது வருஷம் உள்ள இருந்தேம்மா. வெளிய நின்னு பாத்தது யாரு?"

மெக்கானிக்கைக் கேட்டாள். அவர் நாலு கதவு, ஒரு பேட்டரிப் பெட்டி என்றார். டிரைவர் அந்தப் பெட்டி இடது பக்கம் என்றார். இடது பக்கத்தில் இல்லை என்று இவளுக்கே தெரியும். இரண்டு பேர் சொன்னதையும் அட்டையில் செய்து இருவரையும் ஒன்றாகக் கூப்பிட்டுக் காட்டினாள். டிரைவர் மெக்கானிக்கின் அட்டையைப் பார்த்து, "இது எந்த எஞ்சின்?" என்று கேட்டார். மெக்கானிக் டிரைவரின் அட்டையைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். காபியைக் குடித்துவிட்டு இருவரும் வேறு ஏதோ பழைய சண்டையைப் பேசிக்கொண்டே கிளம்பினார்கள். அட்டைகள் இரண்டையும் கிழித்தாள்.

"ஆறோ அஞ்சோ, ஏதாவது ஒண்ண வச்சிரேன்" என்றார் கணவர். "இப்ப நிஜத்தைக் கொண்டுவந்து பக்கத்துல வச்சு யாரும் பாக்கப் போறதில்ல."

"தெரியாம தப்பாச் செஞ்சது வேற. தெரியாதுன்னு தெரிஞ்சே எப்படிங்க செய்றது?"

சர்க்கரை ஆலைக்குக் கடிதம் எழுதினாள். பதில் இல்லை. டாக்டரின் லெட்டர்பேடில் எழுதலாமா என்றுகூடத் தோன்றி, வெட்கப்பட்டு அந்த எண்ணத்தை விட்டுவிட்டாள். இரண்டாவது கடிதத்துக்கும் பதில் இல்லை. மூன்றாவதில் எஞ்சினைச் சின்னதாக வரைந்து, வலது பக்கம் என்று அடிக்கோடிட்டு, கணவர் கடை முகவரி எழுதிய உறையும் வைத்து அனுப்பினாள். இதற்குள் ஒன்றாம் நம்பர் முடிந்திருந்தது. ஐந்து கதவு, இரண்டு உருளை, வளைந்த கம்பி. பலகையில் வைத்து ஓட்டினாள். ஓடும்போது வலது பக்கம் சுவரைத்தான் பார்த்துக்கொண்டு போனது. பார்க்க வேண்டுமென்றால் கன்னத்தைச் சுவரில் அழுத்தி ஒரு கண்ணால் பார்க்க வேண்டும். அப்படித்தான் பார்த்தாள். சரியாக இருந்தது. ஆனாலும் மனசு ஆறவில்லை.

நாலு மாதம் கழித்து உறை வந்தது, அவள் கையெழுத்தோடு, கனமாக. கணவர் கடையை அடைத்துவிட்டு அதைக் கையோடு கொண்டுவந்தார். இருவரும் சமையலறையில் நின்று பிரித்தார்கள். பெரிய, தெளிவான கலர் போட்டோ. வெயிலில் நிறுத்தி, ஒவ்வொரு ஆணியும் எண்ணுகிற மாதிரி யாரோ அக்கறையாக எடுத்திருந்தார்கள். எட்டுக் கதவு. டீசல் டேங்க். பச்சைப் பெயிண்ட் அடித்து, நம்பரையும் மாற்றியிருந்தார்கள்.

இடது பக்கம்.

கணவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கினார். அடக்கியும் தோள் குலுங்கியது.

"சிரிங்க" என்றாள். "உங்க எடத்துல இருந்தா நானும் சிரிப்பேன்."

போட்டோவின் பின்னால் யாரோ எழுதியிருந்தார்கள். உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, எஞ்சின் நலமாக இருக்கிறது, அந்தப் பக்கம் சுவரை ஒட்டி நிறுத்தியிருப்பதால் இந்தப் பக்கம் எடுத்தோம், தேவையான சில மாற்றங்களும் செய்துவிட்டோம்.

அந்த மாற்றங்கள் என்ன என்று அவர்கள் எழுதவில்லை. இனி வலது பக்கப் போட்டோ வந்தாலும், அது ஜன்னலுக்கு வெளியே போன இரண்டாம் நம்பராக இருக்காது. அது அவளுக்குப் புரிந்தது. போட்டோவை மடிக்காமல் அலமாரியில் வைத்துவிட்டு, இரண்டாம் நம்பரைக் கையிலெடுத்தாள். வலது பக்கத்தில் அவள் கற்பனையில் செய்த எட்டுக் கதவும் அப்படியே இருந்தன. குடையும் ஊசியை எடுத்து, கீல்களை ஒவ்வொன்றாக மழித்தாள். ஒன்றாம் நம்பரிடம் கற்ற பாடம், இந்த முறை கூரை விரியவில்லை. ஒரு மணி நேரத்தில் பக்கம் முழுதும் வெறும் வெள்ளைப் பிளாஸ்டிக் ஆயிற்று. பெயிண்டும் அடிக்கவில்லை.

அதற்கப்புறம் வருகிறவர்களில் யாராவது எஞ்சினைக் கையிலெடுத்துத் திருப்பிவிட்டு, "இந்தப் பக்கம் முடிக்கலையா?" என்று கேட்பார்கள்.

"அது எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது" என்பாள்.

அதைச் சொல்கிற ஒவ்வொரு தடவையும் அவளுக்கு எரிச்சல் வரத்தான் செய்கிறது. சொல்லிவிட்டு எஞ்சினை வாங்கித் தண்டவாளத்தில் வைத்து, வேகன்களை மாட்டி, ஜங்ஷன் வரை ஓட்டிக் காட்டுகிறாள்.